பட்டியலில் இல்லாத கொடி

கொடி விற்கிற கடையில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தேன் என்று கரூரில் சொன்னால் எந்தக் கட்சிக்கொடி என்று கேட்கிறார்கள். நாட்டுக் கொடி என்று சொன்னால், "அதை வருஷத்துக்கு ரெண்டு நாள்தானே வாங்குவாங்க, மத்த நாள் என்ன பண்ணுவே?" என்பது அடுத்த கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு டெக்சஸில் ரிச்சர்ட்சன் ஊரில் இந்தக் கடைக்குள் நுழைந்தேன். ஆர்டர் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் அப்படித்தான் நினைத்து வந்திருப்பீர்கள். போன மாதம் நான் விடைபெற்றபோது, அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் செல்வி அக்கா என்று கேட்டீர்கள். நைலான் எது, பாலியெஸ்டர் எது, எந்தக் கம்பத்துக்கு எந்தக் கயிறு என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மேசை விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் தரம் பார்த்துக் கொண்டிருந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு இங்கே டெலிகாம் கம்பெனியில் வேலை கிடைத்து வந்தோம். கிரீன் கார்டு வந்த பிறகுதான் எனக்கு வேலைக்குப் போக வழி பிறந்தது. தையல் கூடத்தில் தரம் பார்க்க ஆள் தேவை என்று கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. உள்ளே போனேன். முதலாளி ஒரு கொடியைக் கையில் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்டார். மூன்றாவது பட்டையில் தையல் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார். தையல் கூடத்தில் இரண்டு வருடம். அதன் பிறகு ஆர்டர் மேசை, கடைசியில் இரண்டுக்கும் சேர்த்து மேற்பார்வை.

ஆர்டர் மேசைக்கு வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். பக்கத்து ஊரான ஆலனில் நம் ஊர்க்காரர்கள் ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்ற ஆர்டர் கொடுத்தார்கள். அமெரிக்கக் கொடி ஐந்துக்கு எட்டு அடி. நம் கொடி ஆறுக்குப் பத்து இருக்கட்டும் என்று நானே யோசனை சொன்னேன். பெருமைதான், வேறென்ன. அனுப்பப் போகும் நேரத்தில் முதலாளி சீட்டைப் பார்த்துவிட்டார். இரண்டு நாட்டுக் கொடிகள் பக்கத்தில் பக்கத்தில் பறந்தால் ஒரே அளவு, ஒரே உயரம், தனித்தனிக் கம்பம். சமாதானக் காலத்தில் ஒரு நாட்டுக்கு மேல் இன்னொரு நாடு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அவர் கோபப்படவில்லை. விதிப் புத்தகத்தையும் உலக நாடுகளின் கொடிப் பட்டியலையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். அசோகச் சக்கரத்தில் இருபத்துநான்கு ஆரம் இருக்கிறதா என்று எண்ணாமல் ஒரு இந்தியக் கொடியும் என் கையைத் தாண்டாது. எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும் அதன் கொடியில் எத்தனை நிறம், நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று சொல்வேன். பட்டியலில் இருப்பது சரி, இல்லாதது தப்பு. அப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் நன்றாக ஓடியது. ஒரு தப்பும் வரவில்லை. நான் நிபுணர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

இனி நான் சொல்லப் போவது அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்கு முடிந்த அடுத்த வாரம் நடந்தது. ஏழெட்டு வருடம் இருக்கும். ஜூலை நான்கின் நெருக்கடி முடிந்ததும் தையல் கூடத்தில் பாதிப் பேருக்கு லீவு கொடுத்துவிடுவோம், உங்களுக்கே தெரியும். முதலாளியும் மகள் வீட்டுக்குக் கொலராடோ போயிருந்தார். கடை என் பொறுப்பில் இருந்தது.

வியாழக்கிழமை ஒரு பெண் போன் செய்தாள். பெயர் கிம். அவளுடைய அப்பா இறந்துவிட்டார், சனிக்கிழமை காலை அடக்கம், சவப்பெட்டி மேல் போர்த்த ஒரு வியட்நாம் கொடி வேண்டும் என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவளின் பேச்சு. அழுது ஓய்ந்த குரல். பட்டியலைப் பார்த்தேன். வியட்நாம், சிவப்பு, நடுவில் மஞ்சள் நட்சத்திரம். ஏதோ கம்பெனி மாநாட்டுக்கு வரவழைத்து மிஞ்சிய கொடி ஒன்று ஐந்துக்கு எட்டு அளவில் இருந்தது. இருக்கிறது என்றேன். அவள் நன்றி சொன்னாள். மறுநாள் காலை அவள் தம்பி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். பிரித்துப் பார்க்கவில்லை. நானும் பிரித்துக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்குக் கிம் மறுபடி கூப்பிட்டாள்.

"நீங்க என்ன கொடி அனுப்பியிருக்கீங்க?"

"வியட்நாம் கொடி."

"இது அவங்க கொடி. எங்க கொடி இல்ல."

எனக்குப் புரியவில்லை. கொடி கிழிந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள் கிம். நான் விடாமல், "மேடம், டெக்னிக்கலா அதுதான் அஃபீஷியல் கொடி. ஐ.நா. பட்டியல்லயும் அதுதான் இருக்கு" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"எங்கப்பா ஏழு வருஷம் அந்தக் கொடிக்குக் கீழதான் ஜெயில்ல இருந்தார். அம்மா நீங்க அனுப்பின பெட்டியத் திறந்ததும் அதுதான் மேல இருந்துச்சு. பாத்ததும் மயங்கி விழுந்துட்டாங்க. இப்ப பக்கத்து ரூம்ல படுக்க வச்சிருக்கோம்" என்றாள் கிம்.

அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். நான் கேட்டிருந்தால் வியாழக்கிழமையே சொல்லியிருப்பாள். அவள் அப்பா தெற்கு வியட்நாம் ராணுவத்தில் கேப்டன். போரில் தெற்கு தோற்று, அந்த நாடே இல்லாமல் போனபோது அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுகல்வி முகாம் என்று அதற்குப் பெயர். ஏழு வருடம் கழித்து வெளியே வந்து, படகில் தப்பி, கடைசியில் இங்கே பக்கத்து ஊர் கார்லண்டில் டி.வி. ரிப்பேர் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எந்தச் சங்கத்திலும் சேரவில்லை, எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. இறந்த பிறகு மேசை டிராயரில் ஒரு காகிதம் கிடைத்தது. நம் கொடியைப் போர்த்தி அனுப்புங்கள் என்று ஒரே ஒரு வரி. அவரோடு படையில் இருந்த நான்கு பேர் ஹூஸ்டனிலிருந்து காலையில் வருகிறார்கள். கொடி குடும்பத்திடம் இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்குள்ள வியட்நாமியர் சங்கத்தின் பெரிய கொடி அன்றைக்கு வேறு ஊரில் வேறொரு அடக்கத்துக்குப் போயிருக்கிறது.

நம் கொடி என்று அவர் எழுதியது மஞ்சள் கொடி. மஞ்சளில் நடுவே மூன்று சிவப்புக் கோடு. தெற்கு வியட்நாம் இருந்தவரைக்கும் அதுதான் அந்த நாட்டின் கொடி. நாடு போய்விட்டது. கொடியை மட்டும் ஓடி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே பல ஊர் நகரசபைகள் அது எங்கள் ஊர் வியட்நாமியரின் பாரம்பரியக் கொடி என்று தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டிருக்கின்றன. என் பட்டியலில் அது இல்லை, ஏனென்றால் அது எந்த நாட்டுக்கும் இன்று சொந்தமில்லை. கிம்முக்கு வியட்நாம் கொடி என்றால் ஒன்றுதான். எனக்கும் ஒன்றுதான். இருவரும் ஒரே பெயரைச் சொல்லி வேறு வேறு கொடியை நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"நாம தப்பு பண்ணியிருக்கோமா?" என்று கேட்டார்.

"டெக்னிக்கலா இல்ல."

"அந்த வார்த்தைய அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்ப தப்பு பண்ணியிருக்கோம்" என்றார். என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்க அங்க இருக்கீங்க, நான் இங்க இருக்கேன். எது சரியோ அதைச் செஞ்சுட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார். அப்போது எனக்கு அது கோபமாகத்தான் இருந்தது. தப்பித்துக்கொள்கிறார் என்று தோன்றியது.

கடையில் மஞ்சள் கொடி மூன்றுக்கு ஐந்தில் அச்சடித்தது ஒன்று மட்டும் இருந்தது. அதைச் சவப்பெட்டி மேல் போட்டால் துண்டு விரித்த மாதிரி இருக்கும். வேறு ஊரிலிருந்து வரவழைக்க நேரமில்லை. மஞ்சள் துணியும் சிவப்புத் துணியும் சுருள் சுருளாக இருந்தன. தைத்துவிட வேண்டியதுதான். ஆனால் வெட்டுகிறவர் மதியமே போய்விட்டார். தையல் கூடத்தில் இருந்தது ஒரே ஒருத்தி, ஹான்.

ஹானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தில் அவளைவிட நேர்த்தியாகத் தைக்கிறவர்கள் கிடையாது. என்னைவிடச் சில வயது சின்னவள். ஒன்பது வருடமாக மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு எதிரே உட்காருகிறவள். என் புளிச்சோற்றை அவள் சாப்பிட்டிருக்கிறாள், அவள் கொண்டுவரும் அரிசித் தாள் சுருளை நான் சாப்பிட்டிருக்கிறேன். அவள் வியட்நாம்காரி. எனக்குத் தெய்வமே வழிகாட்டியது போல இருந்தது. அந்தச் சின்னக் கொடியை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஹான், உங்க கொடி ஒண்ணு அவசரமா தைக்கணும். ஃப்யூனரலுக்கு. காலையில வேணும்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "என் கொடியா?" என்றாள்.

"இந்த மஞ்சக் கொடி."

"செல்வி, நான் எங்க பொறந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வியட்நாம்ல."

"வியட்நாம்ல எங்க?"

எனக்குத் தெரியாது. ஒன்பது வருடத்தில் கேட்டதில்லை.

"ஹனோய் பக்கம், வடக்கே" என்றாள். "எங்கப்பா ராணுவத்துல இருந்தார். இந்தக் கொடிக்காரங்களோட சண்டை போடத் தெற்க போனவர் திரும்பி வரல. எனக்கு அப்ப ரெண்டு வயசு." சின்னக் கொடியை விரலால் தொடாமல் காட்டினாள். "இந்த மூணு கோடும் வடக்கு, நடு, தெற்குன்னு சொல்லுவாங்க. ஒரு கோடு எங்க ஊருக்காம். எங்க ஊர்ல யாரையும் கேட்டுட்டு வைக்கல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்தியர் என்று தெரிந்ததும் யாராவது இந்தியில் பேச ஆரம்பித்தால் எரிச்சல்படுகிறவள் நான். அதே காரியத்தை ஒரே நாளில் இரண்டு பேருக்குச் செய்திருக்கிறேன்.

"நான் தைக்க மாட்டேன்" என்றாள் ஹான். "கோவம்லாம் இல்ல. இந்த ஊர்ல எனக்கு இந்தக் கொடிக்காரங்களோடதான் வாழ்க்கை. எங்கம்மா உயிரோட இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா இந்த வாரம் என்ன தைச்சேன்னு கேப்பா. அவகிட்ட என்ன சொல்லுவேன்?"

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். நான் அவளுக்கு மேற்பார்வையாளர். மணி மூன்றரை ஆகப் போகிறது. பக்கத்து ஊரில் ஒரு கிழவி படுத்திருக்கிறாள், அதற்கு நான் காரணம். இது வேலை, கொடி என்றால் நமக்குத் துணி, நாம் யாருக்கும் கட்சி இல்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் தைத்திருக்கவும் கூடும், வேலை போய்விடுமோ என்ற பயத்தில். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு பெண்ணிடம் சரியான வாக்கியம் ஒன்றைச் சொல்லி அவளை இன்னும் நோகடித்திருந்தேன். நமக்கு வெறும் துணி என்றால் கிம்மின் அம்மா ஏன் விழுந்தாள்? ஒருத்திக்கு அது துணி இல்லை என்று ஒத்துக்கொண்டால் இன்னொருத்திக்கும் இல்லை.

இப்போது எழுதும்போது இப்படி வரிசையாக வருகிறது. அப்போது இவ்வளவு யோசித்தேனா என்று தெரியாது. "சரி ஹான். நீங்க வழக்கம்போல கெளம்புங்க" என்று மட்டும் சொன்னேன்.

கிம்மைக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது, காலை எட்டேகாலுக்கு மஞ்சள் கொடி அங்கே இருக்கும் என்றேன். நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாக என்றேன். தரம் பார்க்கிறவளுக்குத் தையல் தெரியும், ஆனால் தெரிவது வேறு, கையில் ஓடுவது வேறு. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, கடைக்குக் கொஞ்சம் வாங்க. துணி புடிக்க ஆள் வேணும்."

"துணி புடிக்கவா? மீட்டிங் இருக்கு கண்ணு, நாலு மணிக்கு."

"மீட்டிங்க காருலயே பேசிக்கிட்டு வாங்க."

சின்னக் கொடியை மேசையில் விரித்துக் கோடுகளை அளந்துகொண்டிருந்தேன். நாலரை மணிக்கு ஹான் பையை மாட்டிக்கொண்டு என் மேசையைக் கடந்தாள். கடந்தவள் நின்றாள்.

"அதுல அளக்காதீங்க" என்றாள். "அச்சு தப்பு. கோடு தடியா இருக்கு. அஞ்சடி உயரத்துக்கு மேல இருபது இஞ்ச் மஞ்சள், கீழ இருபது. நடுவுல கோடு நாலு, எடைவெளி நாலு. எல்லாம் நாலு நாலு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒம்பது வருஷமா இந்த ஊர்லதான் காய்கறி வாங்கறேன். கடைக்குக் கடை தொங்குது. தையக்காரி கண்ணு அளக்காம இருக்குமா?"

அவ்வளவுதான். போய்விட்டாள். கூட்டிப் பார்த்தேன், அறுபது அங்குலம் சரியாக வந்தது.

ஏழு துண்டு, ஆறு தையல், சவப்பெட்டிக்குப் போர்த்தும் அளவு என்பதால் ஒவ்வொன்றும் ஒன்பதரை அடி நீளம். ஒவ்வொரு தையலும் இரட்டை. நைலான் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும், உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வந்து ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை அளந்தார், என்ஜினீயர் புத்தி. அதன் பிறகு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று துணியைத் தூக்கிப் பிடித்தார். மூன்றாவது தையல் முடியும் இடத்தில் அலை அலையாகப் போய்விட்டது. ஓர் அடி நீளத்துக்குப் பிரித்தேன். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன. நைலானில் விழுந்த துளை மறையாது.

"இது யாருக்குங்கற?" என்றார்.

சொன்னேன். கேட்டுவிட்டுக் குனிந்து துளைகளைப் பார்த்தார். "அப்ப முழுசா வேற துண்டு வெட்டிடலாம்ல?" என்றார். மஞ்சள் சுருளைப் பார்த்தோம். நாலு அங்குலத் துண்டு ஒன்பதரை அடி நீளத்துக்கு வர இன்னும் அரை அடி குறைந்தது. இருப்பதை வைத்தே முடித்தோம். வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஜூலை மாத டெக்சஸ்.

சனிக்கிழமை காலை எட்டு பத்துக்கு இறுதிச் சடங்கு நடக்கும் ஃப்யூனரல் ஹோம் போய்ச் சேர்ந்தேன். கிம் வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை எந்தக் காரணமும் சேர்க்கவில்லை. பெட்டியைத் திறந்து ஓர் ஓரத்தை மட்டும் இழுத்துப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்ததும் தோள் இறங்கியது.

ஹூஸ்டனிலிருந்து வந்த நான்கு கிழவர்களும் பழைய பச்சை யூனிஃபார்மில் இருந்தார்கள். ஒருவருக்கும் பட்டன் ஒழுங்காக மூடவில்லை. கொடியை நான்கு மூலையிலும் பிடித்து விரித்தார்கள். அதில் ஒருவர் தையல் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நான் பிரித்துத் தைத்த இடம் வந்ததும் விரல் நின்றது. ஊசித் துளைகளைப் பார்த்தார். நிமிர்ந்து, பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்தார். இருபது வருடம் மற்றவர்கள் தையலில் தப்புக் கண்டுபிடித்தவள் அன்றைக்குத் தலையைக் குனிந்தேன். அவர் மற்ற மூவரிடமும் ஏதோ மெதுவாகச் சொன்னார். நால்வரும் கொடியை அப்படியே சுற்றித் திருப்பி, அந்த இடம் கால்மாட்டுக்கு வரும்படி போர்த்தினார்கள். பிறகு விறைத்து நின்று சல்யூட் வைத்தார்கள். கிம்மின் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, கணவர் மார்பு இருக்கும் இடத்தில் கொடியை ஒரு தடவை நீவிவிட்டாள்.

நான் கிளம்பும்போது கிம் கார் வரைக்கும் வந்து, நாங்கள் முதலில் அனுப்பிய பெட்டியைக் கொடுத்தாள். "இத வீட்டுல வச்சிருக்க முடியாது" என்றாள். கசக்கித் திணித்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். திறந்து பார்த்தேன். சிவப்புக் கொடி, நட்சத்திரம் மேலே தெரிய, ஓரம் ஓரத்தோடு சேர மடித்திருந்தது.

"இங்க இருக்கறவங்க மடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, நான்தான். அம்மாவப் படுக்க வச்சிட்டு வந்து பாத்தா தரையில கெடந்துச்சு. அதை என்ன பண்றதுன்னு தெரியல. மடிக்கறதுதான் வந்துச்சு."

திங்கட்கிழமை ஹான் வந்ததும் முதல் வேலையாக என் மேசைக்கு வந்தாள்.

"அளவு சரியா வந்துச்சா?"

"வந்துச்சு. மூணாவது தையல்தான் சொதப்பிட்டேன்."

"நைலானுக்கு நூல் டென்ஷனக் கொறச்சிருக்கணும்" என்றாள்.

திரும்பி வந்த கொடியை மறுபடி ஸ்டாக்கில் வைக்கும் முன் சோதிப்பது அவள் வேலை. பெட்டியை அவளிடம் கொடுத்தேன். திறந்தாள். உடனே உதறி விரிக்கவில்லை. மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யார் மடிச்சது?"

"அந்தப் பொண்ணு. இறந்தவரோட மக."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த மனிதர் யார், என்ன செய்தார் என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். கேப்டன், ஏழு வருட முகாம், கார்லண்டில் டி.வி. ரிப்பேர் கடை. முகாம் என்று சொன்னபோது அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கப்பாவுக்குப் போர்த்த உடம்பு வரல" என்றாள். "பேப்பர்தான் வந்துச்சு. நாட்டுக்காக உயிர் கொடுத்தார்னு போட்டு, ஃபிரேம் பண்ணி. அதுல இந்தக் கொடி அச்சடிச்சிருக்கும், மேல, இத்தனூண்டு." கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். "அம்மா அதைத்தான் தொடச்சுத் தொடச்சு வைப்பா."

பிறகு கொடியை விரித்து, நட்சத்திரத்தின் ஐந்து முனைகளிலும் தையலைச் சோதித்தாள். அந்த ஐந்து முனையும் தொழிலாளி, விவசாயி, சிப்பாய் என்று ஐந்து வகை மக்கள் என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் புத்தகத்தில் முனைகளின் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. சோதித்து முடித்ததும், கிம் மடித்திருந்த அதே கோடுகளில் மடித்து அலமாரியில் வைத்தாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

முதலாளிக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். முதலில் ஹானைப் பற்றித்தான் கேட்டார். அவளைக் கட்டாயப்படுத்தினீர்களா என்றார். இல்லை என்றேன். அவர் மூச்சு விடுவது போனில் கேட்டது. அவர் தப்பித்துக்கொள்ளவில்லை, தூரத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் அதைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போவேன் என்று பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் போனில் ஆர்டர் எடுக்கும்போது எந்த நாடு, என்ன அளவு, எப்போது தேவை என்ற மூன்று கேள்விகள் திரையில் வருகின்றன. அந்தத் திரைக்கு முன்னால் நான் கையால் எழுதி ஒட்டிய நாலாவது கேள்வி ஒன்று அந்த மேசையில் இருக்கிறது, பசை காய்ந்து ஓரம் தூக்கியிருக்கும். இதை யார் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள்? அதைக் கிழித்துப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எல்லா ஆர்டருக்கும் அது தேவைப்படாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர், எங்கள் ஸ்கூல் பிள்ளைகள் என்பார்கள், முடிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒருவர் கூப்பிட்டார். அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளின் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவராம். ஆப்கானிஸ்தான் கொடி ஒன்று வேண்டும் என்றார். காபூலில் ஆட்சி மாறிக் கொடியும் மாறியிருந்த சமயம். திரையில் ஒரு படம் தயாராக வந்து நின்றது. நான் அதைப் பார்க்காமல், யார் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் அந்தப் பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் ஆனது. அவர் முடித்த பிறகுதான் அளவு என்ன என்று கேட்டேன்.